ஏற்காட்டில் மூன்று முறை அடைத்த ஃபில்டர்

2025 ஜனவரி இரண்டாவது வாரம், விடிகாலை ஆறேகால் மணி. சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டம். தொட்டியில் புளிக்கப் போட்டிருந்த கொட்டையை அலசத் தண்ணீர் இறைக்க வேண்டும், கரண்ட் இல்லை. ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஒரு நிமிடம் நன்றாக ஓடியது. அப்புறம் மூச்சு வாங்கி, வேகம் ஏறி இறங்கி, நின்றது. மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. எட்டரை மணிக்குப் பனி விலகி வெயில் வந்தது. ஒன்பது மணிக்கு மெக்கானிக் வந்து ஏர் மட்டும் எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

தோட்டத்துக் கணக்கு பார்க்கும் ரைட்டர் எனக்கு ஃபோன் செய்தார். "மறுபடியும் ஃபில்டருங்க சார்."

அந்த 'மறுபடியும்'தான் என்னை உறுத்தியது. அந்த சீசனில் அதே ஜெனரேட்டரில் அது மூன்றாவது அடைப்பு. அதில் ஊற்றியது பழைய சமையல் எண்ணெயிலிருந்து சேலத்தில் ஒரு சிறு பட்டறை காய்ச்சிய பயோ டீசல். அந்தப் பட்டறைக்கு சாம்பிள் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஆள் நான். ஆகவே இதை எழுதுகிறவன் வழக்கில் பாதி குற்றவாளி. பட்டறைக்காரரும் தோட்டக்காரரும் பெயர் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையில் எழுதச் சம்மதித்தார்கள்.

எண்ணெய் வந்த வழி

சேலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும் எண்ணெய் காயும் வாசனை வரும். புரோட்டா கடை, சில்லி சிக்கன் வண்டி, தட்டுவடை, முறுக்கு போடும் வீடுகள், கல்லூரி விடுதி மெஸ்கள். மேலே ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வரிசை. இவர்களில் பெரும்பாலோர் ஊற்றுவது பாமாயில்தான். 2007 முதல் ரேஷனிலேயே கிடைக்கிற எண்ணெய், கடைக்காரருக்கும் கட்டுப்படியாகிற எண்ணெய். இந்த வழக்கின் முடிச்சே அந்தப் பாமாயிலில் இருந்தது. ஆனால் அதை நான் கண்டுபிடிக்க மூன்று ஃபில்டர் செலவானது.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால், எண்ணெய் உடைந்து உண்டாகும் போலார் சேர்மங்கள் அதில் ஏறும். 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, பழைய எண்ணெயைக் கடைகளிலிருந்து எடுத்து எரிபொருளாக்கும் 'ரூகோ' திட்டமும் தொடங்கியது. தினம் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடைகள் பழைய எண்ணெயை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரி. பெரிய கடையின் வடைச்சட்டியிலிருந்து இறங்கும் எண்ணெயை வாங்கி மறுபடி பொரிக்க ஒரு தள்ளுவண்டி எப்போதும் தயாராக நிற்கிறது. பட்டறைக்காரருக்கு உண்மையான போட்டி டீசல் இல்லை, அந்தத் தள்ளுவண்டிதான். வண்டிக்காரர் எப்போதும் ஒரு ரூபாய் கூடக் கொடுப்பார். அவருக்கு அதைக் காய்ச்சி மாற்ற வேண்டிய செலவு இல்லையே.

பட்டறையில் ஓர் ஈடு என்பது 500 லிட்டர். வேலை இப்படிப் போகும். முதலில் துணியில் வடித்துப் பொரித்த தூளை எடுப்பார்கள். சூடாக்கித் தண்ணீரை விரட்டுவார்கள். ஒரு மில்லி எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, நிறம் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் விட்டு, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இளஞ்சிவப்பு நிற்கும் வரை எண்ணுவார்கள். புது எண்ணெய்க்கு ஒரு மில்லிகூட ஏறாது, பழைய எண்ணெய்க்கு மூன்று நான்கு போகும். எண்ணெய் எவ்வளவு உடைந்து அமிலமாகியிருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு. அதற்கேற்பக் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தைக் கூட்டி மெத்தனாலில் கரைத்து எண்ணெயில் விட்டு, 55 முதல் 60 டிகிரிக்குள் ஒன்றரை மணி நேரம் கலக்குவார்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் அந்த எல்லையைத் தாண்டவிட மாட்டார்கள். 100 லிட்டர் எண்ணெய்க்குக் கணக்குப்படி 12, 13 லிட்டர் மெத்தனால் போதும். ஆனால் இந்த வினை இரு பக்கமும் ஓடக்கூடியது என்பதால் முன்பக்கம் தள்ளுவதற்கு 20 லிட்டர் விடுகிறார்கள். இரவு முழுக்கத் தெளியவிட்டால் கனமான கிளிசரின் கறுப்பாக அடியில் இறங்கும். மேலே நிற்பதை அலசி, உலர்த்தி, வடித்தால் பயோ டீசல்.

மெத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பட்டறைக்காரர் மெத்தனால் பேரலை லைசென்ஸ் புத்தகத்தோடு சேர்த்து, தாலிச்சங்கிலியைப் பூட்டி வைப்பதுபோலப் பூட்டி வைக்கிறார். காலி பேரலுக்கும் கணக்கு உண்டு. வீட்டுக் கொல்லையில் பயோ டீசல் காய்ச்சலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் 'வேண்டாம்'க்கு அதுவே காரணம். ஆவி கண்ணைப் பறிக்கும், தீ பிடித்தால் பகலில் சுடர்கூடத் தெரியாது.

முதல் ஃபில்டர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 நவம்பரில் காப்பிப் பழம் எடுப்பு தொடங்கியதும் சோதனை ஆரம்பித்தது. 200 லிட்டரில் 40 லிட்டர் பயோ டீசல், மீதி டீசல். இரண்டாவது வாரமே அடைப்பு. டப்பா ஃபில்டரை ஹேக்சா பிளேடால் அறுத்துத் திறந்தால் மடிப்புகளுக்குள் கறுப்புச் சேறு.

பயோ டீசல் நல்ல கரைப்பான். பத்துப் பதினைந்து வருடம் டீசல் நின்ற பேரலின் சுவரில் படிந்த பசையை எல்லாம் கழுவிக் கீழே இறக்கிவிடும். ஃபில்டரைத் தவிர அதற்குப் போக இடமில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், முதல் நாளே பேரலைக் கழுவச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கழுவினோம், ஃபில்டரை மாற்றினோம். கூடவே பழைய கறுப்பு ரப்பர் ஹோஸ் ஊறிப் பொதபொதவென்று ஆகியிருந்தது, அதையும் மாற்றினோம். முடிந்தது.

இரண்டாவது ஃபில்டர்

டிசம்பர் நடுவில் இன்னொரு ஃபோன். இந்த முறை திறந்தபோது சேறு இல்லை. சாம்பல் நிறத்தில், விரலில் எடுத்தால் இழுபடாமல் திரிதிரியாகப் பிரிகிற களிம்பு. முகர்ந்தால் பழைய துணி சோப்பின் வாடை.

சோப்பு என்று உடனே தோன்றியது. காரமும் கொழுப்பமிலமும் சந்தித்தால் சோப்புதானே. ஆனால் பொட்டாஷ் சோப்பு தண்ணீரில் கரையும், இது கரையவில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டும் அப்படியே மிதந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டதும் களிம்பு உடைந்து எண்ணெய்ச் சொட்டாக மேலே வந்தது. கரையாத சோப்பு, அமிலத்துக்கு உடைகிறது. அப்படியென்றால் கால்சியமோ மெக்னீசியமோ சேர்ந்த சோப்பு. குளிக்கும்போது உப்புத் தண்ணீரில் நுரை வராமல் தலையில் பிசுபிசுவென்று திரளுமே, அதேதான்.

பட்டறையில் அலசும் வேலை பார்க்கும் தம்பியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அந்த வாரம் குழாய்த் தண்ணி வரலைங்க சார். ரெண்டு ஈடு போர்த் தண்ணியிலதான் அலசினோம். தண்ணிதானேன்னு…"

தண்ணீர்தான். ஆனால் சேலத்துத் தண்ணீர். பட்டறை இருப்பது கருப்பூர்ப் பக்கம். அங்கிருந்து ஏற்காடு மலையைப் பார்த்தால் நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் கரடுகள் சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட் என்ற மெக்னீசியம் கார்பனேட். வெள்ளைக்காரர்கள் பார்த்தவுடன் சாக் என்று நினைத்து 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். நாம் மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே சரியான பெயரை வைத்தோம். அந்தப் பாறைக்குள் ஊறி வரும் போர்த் தண்ணீரில் மெக்னீசியம் இல்லாமல் எப்படி இருக்கும்? மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரில் அலசியவரை ஈட்டில் மிச்சமிருந்த பொட்டாஷ் சோப்பு தண்ணீரோடு போய்விட்டது. போர்த் தண்ணீரில் அலசியபோது அதே சோப்பு மெக்னீசியத்தோடு சேர்ந்து எண்ணெயிலேயே தங்கிவிட்டது. பயோ டீசலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15607, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அதை அளக்கும் கருவி பட்டறையில் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் போர்த் தண்ணீரில் கையலம்பினால் சோப்பு நுரைக்கவில்லை என்பதை அளக்கக் கருவி எதற்கு?

அலசக் குழாய்த் தண்ணீர் மட்டும், அது வராவிட்டால் அன்று அலசுவதே இல்லை என்று முடிவானது. அந்த இரண்டு ஈட்டைத் திரும்ப எடுத்து, லேசான அமிலத் தண்ணீரில் ஒரு முறையும் நல்ல தண்ணீரில் மூன்று முறையும் அலசினோம். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோ டீசலை விட்டுக் குலுக்கிப் பார்த்தேன். வினையாகாத எண்ணெய் இருந்தால் அடியில் சொட்டாக நிற்கும். ஒன்றும் நிற்கவில்லை. 'காரணம் கண்டறியப்பட்டது, சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கண்டுபிடித்தது உண்மையான கோளாறுதான். அதனாலேயே அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது ஃபில்டர்

ஜனவரி ஃபோனில் ரைட்டர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் இடித்தது. ஃபில்டரை மாற்றவே இல்லை, ஆனால் ஒன்பது மணிக்கு ஓடியது. சேறோ சோப்போ அடைத்த ஃபில்டர் வெயிலுக்குத் தானாகத் திறக்காது.

ஃபோனில் பேசிப் பிரயோஜனமில்லை என்று அன்று சாயங்காலமே கிளம்பினேன். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் கார்க் கண்ணாடியை மூடவேண்டி வந்தது. சேலத்தில் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு புறப்பட்ட ஆள், மேலே ரைட்டர் கொடுத்த மஃப்ளரைக் கட்டிக்கொண்டு பல்பர் கொட்டகையில் நின்றேன். அன்று பறித்த பழத்தை அன்றே தோல் உரித்தாக வேண்டும் என்பதால் இரவு எட்டு மணி வரை பல்பர் ஓடியது. ஜெனரேட்டர் ஒரு சிணுங்கல் இல்லாமல் உழைத்தது. புகையில் பஜ்ஜி வாசனை. "இதை மோந்துக்கிட்டே வேலை செஞ்சா பசிதாங்க எடுக்குது" என்றார் பழம் கொட்டும் அம்மா ஒருவர்.

விடிகாலை ஐந்தரைக்கு டார்ச்சோடு போனேன். டீசல் பேரல் கொட்டகையின் வடக்குச் சுவருக்கு வெளியே, வெயிலே படாத இடத்தில் ஒரு ஸ்டாண்டில் நிற்கிறது. அங்கிருந்து முக்கால் இன்ச் பைப் சுவரோடு ஓடி உள்ளே வருகிறது. பேரலுக்குள் தெர்மாமீட்டரை விட்டேன்: 11 டிகிரி. குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். சேலத்தில் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்த திரவம், இங்கே வடித்த கஞ்சிபோல மங்கி, சாய்த்தால் சோம்பலாக நகர்ந்தது.

ஃபில்டரைக் கழற்றி அங்கேயே அறுத்தேன். மடிப்புகளுக்குள் வெள்ளையாக, உறைந்த நெய்போல.

சமையல்கட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, காப்பிக்கு வெந்நீர் தயார். டிசம்பரில் அடைத்த ஃபில்டரின் ஒரு துண்டை அத்தாட்சிக்கென்று கவரில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் டிசம்பர்த் துண்டு, இன்னொன்றில் இன்றைய துண்டு. இரண்டையும் வெந்நீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தினேன். இன்றைய துண்டின் வெள்ளை ஓரத்திலிருந்து வழிய ஆரம்பித்து, இரண்டு நிமிடத்தில் மஞ்சள் எண்ணெயாக அடியில் தேங்கியது. காகிதம் சுத்தமாகிவிட்டது. டிசம்பர்த் துண்டின் சாம்பல் களிம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

சமையல் செய்யும் அக்கா எட்டிப் பார்த்தார். அலமாரியில் அவர் வைத்திருந்த தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்போல உறைந்திருந்தது. அதை எடுத்து அடுப்போரம் வைத்துவிட்டுச் சொன்னார்: "தை மாசத்துல தேங்காயெண்ணெயே கட்டிக்குது. பஜ்ஜி எண்ணெய் மட்டும் எப்படிங்க சார் தண்ணியா இருக்கும்?"

பதில் சொல்லத் தெரியாமல் காப்பியை வாங்கிக் குடித்தேன்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. டிசம்பரிலும் குளிர்தானே, அப்போது இந்த வெள்ளை ஏன் வரவில்லை? ரைட்டரின் நோட்டைப் புரட்டினேன். அழகான கையெழுத்து. நவம்பரில் 'ப.டீ. 40, டீ. 160'. டிசம்பர் கடைசியில் 'ப.டீ. 100, டீ. 100'. ஜனவரி முதல் வாரத்தில் 'ப.டீ. 200'. அதற்குப் பக்கத்தில் டீசல் என்ற எழுத்தே இல்லை.

"நல்லாத்தானே ஓடுதுன்னு முதலாளி கூட்டச் சொன்னாருங்க. வெலையும் கம்மி" என்றார்.

யாரையும் குறை சொல்ல முடியவில்லை. நான் கொடுத்த சர்டிஃபிகேட்டில் அமில எண், தண்ணீர், கிளிசரின், அடர்த்தி எல்லாம் இருந்தன. எத்தனை டிகிரியில் மங்கும் என்ற வரி இல்லை. சேலத்தில் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரநிலை, குளிரில் ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலைக்குக் குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி என்று எல்லை போட்டிருக்கிறது. அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே முக்கால் மணி நேரப் பயணத்தில் நாம் ஒரு பருவத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறிவிடுகிறோம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கட்டையும் கட்டும்

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் பாட்டிலை வைத்து, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 14 டிகிரி வாக்கில் மங்கத் தொடங்கியது. ஏன் என்று தோட்டக்காரரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

எண்ணெய் என்பது கொழுப்பமிலங்களின் கலவை. அதில் நிறைவுற்றவை சவுக்குக் கட்டைபோல நேரானவை. நிறைவுறாதவை கருவேலங்கட்டைபோல நடுவில் வளைந்தவை. சவுக்கைக் கட்டினால் இறுக்கமாக அடுங்கும், கருவேலை எப்படிக் கட்டினாலும் இடைவெளி விடும். அடுங்குவதுதான் உறைதல். பயோ டீசலாக மாறிய பிறகும் இந்தக் குணம் போகாது. நேரான பால்மிடிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டர், அதாவது அது மெத்தனாலோடு சேர்ந்து பயோ டீசலான வடிவம், சுமார் 30 டிகிரியிலேயே உறையும், ஸ்டியரிக் அமிலத்துடையது 39 டிகிரி வாக்கில். வளைந்த ஓலியிக் அமிலத்தின் எஸ்டரோ பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே போனால்தான் உறையும். நம் பாமாயிலில் பால்மிடிக் மட்டும் கிட்டத்தட்ட 40 சதவீதம். அதோடு புரோட்டா கடைகளின் டால்டா வேறு. இவ்வளவு சவுக்கு இருந்தால் 14 டிகிரியில் மங்காமல் என்ன செய்யும்? டீசல் ஐந்தில் நான்கு பங்கு இருந்தவரை கட்டைகள் சிதறிக் கிடந்தன, அடுங்கவில்லை. டீசல் போனதும் அடுங்கிவிட்டன.

"அப்ப பாமாயில் வேணாம், செக்குக் கடலை எண்ணெய்க் கழிவா பார்த்து வாங்கலாமே. வாழப்பாடிப் பக்கம் கிடைக்குமே" என்றார் தோட்டக்காரர். நல்ல யோசனைபோலத்தான் இருக்கும். ஆனால் கடலை எண்ணெயில் 20, 22, 24 கார்பன் நீளமுள்ள நேரான அமிலங்கள் ஐந்தாறு சதவீதம் உண்டு. அளவு கொஞ்சம், ஆனால் நீளம் அதிகம். கல்யாணப் பந்தலுக்கு நாட்டும் மூங்கில்போல அவை முதலில் அடுங்கும். கடலை எண்ணெயின் பயோ டீசல் குளிரில் பாமாயிலுக்குச் சற்றும் இளைத்ததில்லை. இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 1893 ஆகஸ்ட் 10 அன்று ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார் என்று ஆண்டுதோறும் உயிரி எரிபொருள் தினத்தன்று மேடையில் சொல்வார்கள். அன்று அவர் முயன்றது பெட்ரோலியத்தில்தான். கடலை எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடியது 1900 பாரிஸ் கண்காட்சியில். ரூகோ திட்டம் தொடங்கிய தேதியும் அதே ஆகஸ்ட் 10 என்பதால் இந்தத் தவறு நம் ஊரில் இன்னும் கொஞ்சம் வேரூன்றிவிட்டது.

தோட்டக்காரரின் மகன் இன்ஜினியரிங் படிக்கிறார். அவர் வேறு பக்கம் வந்தார். "அங்கிள், பயோ டீசலை விடுங்க, வெளிநாட்டுல இதே எண்ணெயில நிஜ டீசலே செய்யறாங்களே. ரினியூவபிள் டீசல். அது உறையாதாமே?"

கேள்வி சரியானது. அது வேறு சமையல். அங்கே மெத்தனால் கிடையாது. எண்ணெயை 300 முதல் 400 டிகிரியில், காற்றழுத்தத்தைப்போலப் பல பத்து மடங்கு அழுத்தத்தில், நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனோடு ஓடவிடுகிறார்கள். எண்ணெயில் உள்ள ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் ஆக்சைடுகளாகவும் வெளியேறும், கிளிசரின் பகுதி புரொப்பேன் வாயுவாகும். மிஞ்சுவது ஆக்சிஜனே இல்லாத ஹைட்ரோகார்பன், டீசலில் எந்த அளவிலும் கலக்கலாம். நெஸ்டே நிறுவனம் பின்லாந்தின் போர்வூவில் 2007-இல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெய் எரிபொருளைக் கலந்து பறந்த விமானமும் இதே வழியில்தான். 2025-இல் பானிபட் சுத்திகரிப்பு ஆலை பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்யச் சர்வதேசச் சான்று வாங்கியது.

ஆனால் மாடியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு படி அதில் இருக்கிறது. ஹைட்ரஜன் சேர்த்தவுடன் கருவேலங்கட்டைகளும் நிமிர்ந்து சவுக்காகிவிடும். 16 கார்பன் சங்கிலி 18 டிகிரியிலும், 18 கார்பன் சங்கிலி 28 டிகிரியிலும் உறையும். அந்த நிலையில் நிறுத்தினால் ஏற்காடு எதற்கு, சேலத்து மார்கழி இரவிலேயே மெழுகாகிவிடும். அதனால் இன்னொரு வினையூக்கியில் ஓடவிட்டு அந்த நேர்ச் சங்கிலிகளில் கிளை முளைக்க வைக்கிறார்கள். கிளை இருந்தால் கட்டில் அடுங்காது. உறையாத டீசலின் ரகசியம் அந்த இரண்டாம் படியில் இருக்கிறது. ஹைட்ரஜன் ஆலையும் அழுத்தக் கலன்களும் வேண்டிய வேலை, தினம் ஓர் ஈடு காய்ச்சும் கருப்பூர்க் கொட்டகைக்கு அது ஆகாது. அவர்கள் எண்ணெயைச் சேர்த்துப் பெரிய ஆலைக்கு விற்கலாம், செய்ய முடியாது. தம்பி கொஞ்சம் ஏமாந்ததுபோல இருந்தார். நானும்தான்.

செய்தது

முதலில் ஒரு முட்டாள்தனம். மலையின் குளிரை வைத்தே மெழுகைப் பிரிக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. ஒரு பேரலை இரண்டு இரவு வெளியே வைத்து, விடிகாலையில் துணியில் வடித்தோம். துணியும் அடைத்தது, கையும் மரத்தது, பேரலில் பெரும்பங்கு வெண்ணெயாகத் துணியிலேயே நின்றுவிட்டது. ரைட்டர் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு செய்தவை சாதாரணமானவை. பேரலை வடக்குச் சுவரிலிருந்து எடுத்து இன்ஜின் அறைக்குள் வைத்தோம். பக்கத்தில் 20 லிட்டர் சிறிய டேங்க் ஒன்று, அதில் டீசல் மட்டும். நடுவில் ஒரு மூவழி வால்வு. காலையில் டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேறிய பிறகு மாற்ற வேண்டும். அணைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு மறுபடி டீசலுக்கு வர வேண்டும், அப்போதுதான் பைப்பிலும் ஃபில்டரிலும் இரவு நிற்பது டீசலாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 20 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று முதலாளியே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கீழே பட்டறையிலும் ஒரு மாற்றம். இதுவரை எல்லாக் கடை எண்ணெயும் ஒரே தொட்டியில் விழுந்தது. இப்போது இரண்டு தொட்டி. சூரியகாந்தி எண்ணெய் ஊற்றும் ஹோட்டல்களிலிருந்து வருவது ஒன்றில், பாமாயிலும் டால்டாவும் இன்னொன்றில். மலைக்குப் போவது முதல் தொட்டி, சமவெளியில் ஓடுவது இரண்டாவது. சூரியகாந்தியில் வளைந்த கட்டைகள்தான் பெரும்பகுதி. எண்ணெய் எடுக்கும் பையன்கள் கேனில் சிவப்பு, பச்சை டேப் ஒட்டுகிறார்கள். சில சமயம் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். மாற்றி ஒட்டியது ஃபிரிட்ஜில் தெரிந்துவிடும், பட்டறையில் இப்போது மோர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் நான்கைந்து சாம்பிள் பாட்டில் நிற்கிறது. சர்டிஃபிகேட்டில் மங்கும் வெப்பநிலைக்கு ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

தோட்டத்தில் தெர்மாமீட்டரை நம்பவில்லை, அதைக் குரங்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு போய்விட்டது. பதிலாக ரைட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேரலிலிருந்து பிடித்த ஒரு பாட்டிலை ஜன்னல் திண்டில், தினசரி காலண்டருக்கு முன்னால் வைத்திருக்கிறார். காலையில் பாட்டில் வழியாகப் பார்த்தால் தேதி தெரிய வேண்டும். தெரிந்தால் சூடேறிய பிறகு வால்வை மாற்றலாம். தெரியாவிட்டால் அன்று காலை முழுக்க டீசல்.

இந்த சீசனில் சில நாள் ஆறு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் அந்த பாட்டிலின் படம் வரும். பெரும்பாலும் தேதி தெரியும். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு நாள் வந்த படத்தில் பாட்டில் வெள்ளையாக இருந்தது, பின்னால் காலண்டர் இருக்கிறது என்பதே தெரியவில்லை. கீழே எழுதியிருந்தார்: "இன்னைக்கு தேதி இல்லைங்க சார். டீசல்ல ஓட்டிக்கறோம். அக்கா தேங்காயெண்ணெயும் கட்டியாயிடுச்சு."